ஏற்றத்தில் நின்றுவிடும் கார்: பழைய கொரோலாவின் பெற்றோல் பம்பை வீட்டிலேயே மாற்றுதல்

டொயோட்டா கொரோலா டீஎக்ஸ் வேகனை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இலங்கையின் மலையகத்தில் ஏராளம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்கள், கையில் இருப்பதைப் பேணிக்கொள்வதே நல்லது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். அப்படிப் பேணப்படும் கே.ஈ. 70 மாதிரிக் கொரோலா ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. 4கே எஞ்சின், 1,290 சீசீ, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டர். அண்மையில் அதன் பெற்றோல் பம்பை வீட்டு வாசலிலேயே வைத்து மாற்றினேன். பம்பைக் கழற்றிப் பூட்டுவது ஒரு பெரிய வேலை அல்ல. பழுது பம்பில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்வதுதான் பெரிய வேலை. ஆகவே இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கும்.

நோய்க்குறி இப்படி இருந்தது. தலவாக்கலைக்குள் ஓடும்போது எந்தக் குறையும் தெரியாது. லிந்துலையைத் தாண்டி நானுஓயாவை நோக்கி ஏறத் தொடங்கி, இரண்டாம் கியரில் அக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்திருக்கும்போது, முதலில் இழுவை குறையும், பிறகு வண்டி குலுங்கும், பிறகு நின்றுவிடும். ஓரமாக நிறுத்திப் பொனட்டைத் திறந்து வைத்துச் சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காததைப் போல ஓடும். அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் அதே கதை.

எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை என்பதற்கு இது தெளிவான அடையாளம்தான் என்றாலும், இதே அடையாளத்தை இன்னொன்றும் காட்டும். தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் கொயில் சூடேறி வலுவிழந்தாலும் ஏற்றத்தில் நிறுத்தும், ஆறியதும் ஓடும். இரண்டையும் பிரித்தறிய இந்த எஞ்சினில் ஓர் எளிய வழி இருக்கிறது. இதன் காபரேட்டரில், பெற்றோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்தின் பக்கத்தில் சிறிய வட்டக் கண்ணாடி ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். பெற்றோல் மட்டம் அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதியை ஒட்டித் தெரிய வேண்டும். வண்டி நின்ற அந்தக் கணத்திலேயே இறங்கிப் பார்க்க வேண்டும். கிண்ணம் நிறைந்திருந்தால் பம்பை மறந்துவிட்டு மின்பக்கத்தைத் தேடலாம். என் வண்டியில் கண்ணாடி வெறுமையாக இருந்தது. இந்தக் கண்ணாடியைத் துடைத்து வைக்காமல் அழுக்குப் படிய விட்டிருப்பவர்கள் இன்றே ஒரு துணியோடு போய்த் துடைத்துவிடுவது நல்லது. நடுவழியில் இது வேண்டியிருக்கும்.

இனி, இந்தப் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் சோதனைகள் யாவும் அதிலிருந்தே பிறக்கின்றன. எஞ்சின் பிளொக்கின் பக்கவாட்டில் இரண்டு பொல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும் இதற்குள்ளிருந்து ஒரு லீவர் எஞ்சினுக்குள் நீண்டு, கேம் ஷாஃப்டில் மையம் விலகிச் சுழலும் ஒரு வட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த வட்டம் சுழலச் சுழல லீவர் அசையும். லீவர் அசைய, இரப்பர் பூசிய துணியாலான சவ்வு, அதாவது டயஃப்ரம், ஒரு ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு இழுபடும். அப்போது உள்வரும் வால்வு திறந்து தாங்கியிலிருந்து பெற்றோல் உறிஞ்சப்படும். பெற்றோலைக் காபரேட்டருக்குத் தள்ளுவது லீவர் அல்ல, அந்த ஸ்பிரிங்தான். மிதவைக் கிண்ணம் நிறைந்து, அதற்குள் பெற்றோல் வரும் வழியில் உள்ள ஊசி வால்வு மூடிக்கொண்டால் ஸ்பிரிங்கால் சவ்வைத் திரும்பத் தள்ள முடியாது. லீவர் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். எஞ்சினின் தேவைக்கு ஏற்ப அதுவாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இந்த அமைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். ஒரு வயர் கிடையாது, ஒரு ரிலே கிடையாது.

மலையில் மட்டும் ஏன் இது தடுமாறுகிறது? உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பம்பால் பெற்றோலை மேலே இழுக்க முடியவில்லை என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அது சரியல்ல. தாங்கிக்கும் பம்புக்கும் இடையிலான உயர வேறுபாடு முழங்கால் அளவுதான்; நல்ல பம்புக்கு அது நுவரெலியாவிலும் ஒரு பொருட்டல்ல. உண்மையான காரணம் வெப்பம். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான்; அதனால் அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். பெற்றோல் பல திரவங்களின் கலவையாதலால் அதற்கு ஒரே கொதிநிலை கிடையாது. அதன் இலேசான பகுதிகள் சமதரையிலேயே 35, 40 பாகையில் ஆவியாகத் தொடங்கிவிடும். மேலே ஏற ஏற அந்த எல்லை இன்னும் கீழிறங்கும். பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இவற்றோடு, தாழ்ந்த கியரில் நெடுநேரம் உழைத்துச் சூடேறிய எஞ்சினின் பக்கவாட்டிலேயே பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே பனிமூட்டமும் குளிருமாக இருந்தாலும் பொனட்டுக்குள் நிலைமை வேறு. குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டானால், சவ்வு பெற்றோலைத் தள்ளாமல் அந்தக் குமிழியைச் சுருக்கி விரித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மூக்கை உயர்த்தி நிற்கும் வண்டியில், பம்புக்கு இரண்டரை மீற்றர் பின்னால் இருக்கும் தாங்கி கால் மீற்றர் தாழ்ந்துவிடுகிறது. ஆரோக்கியமான பம்ப் இதை உணராது. வால்வு தேய்ந்து, சவ்வு தளர்ந்த பம்ப் உணரும். கொழும்பில் ஓடிய வண்டி ரம்பொடை வளைவுகளில் நிற்பதற்குப் பெரும்பாலும் இவையெல்லாம் சேர்ந்ததே காரணம். அங்கே எஞ்சின் அதிகப் பெற்றோலைக் கேட்கும் நேரமும், பம்பால் மிகக் குறைவாகக் கொடுக்க முடிகிற நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. பழைய லொறி ஓட்டுநர்கள் வீதியோரப் பீலியில் துணியை நனைத்துப் பம்பின் மேல் சுற்றுவார்கள். அது வெறும் நம்பிக்கை அல்ல. குமிழி குளிர்ந்து மீண்டும் திரவமாகும். ஈரத்துணி வைத்ததும் வண்டி உயிர்பெற்றால், நோய் ஆவிதான் என்பதற்கு அதுவே சான்று. ஆனாலும் திடமான பம்பில் ஆவித்தொல்லை அரிது என்பதால், அத்துடன் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

பம்பைக் குற்றம் சாட்டுவதற்கு முன் மலிவானவற்றைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது, தாங்கியின் மூடி. அதில் காற்று உள்ளே செல்வதற்கான வழி அடைபட்டிருந்தால், பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்போடு எதிர்வலித்து இழுக்கும். வண்டி நின்றதும் மூடியைத் திறக்கையில் காற்று உள்ளே இழுபடும் ஓசை பலமாகக் கேட்டால் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. இரண்டாவது, ஃபில்டர். இதை மாற்றுவதற்கு ஆகும் செலவு, யோசிப்பதற்கு ஆகும் நேரத்தை விடக் குறைவு.

ஃபில்டரில் செம்மண் நிறத்தில் தூள் இருந்தால் அது துரு. தாங்கியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். 2022இல் பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றதையும், அந்த ஆண்டு ஜூலையில் கியூஆர் முறை வந்த பிறகு வாரப் பங்கை எண்ணி எண்ணிச் செலவழித்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்தில் எத்தனையோ பழைய வண்டிகள் அரைத் தாங்கியோடும் வெறுந் தாங்கியோடும் மாதக்கணக்கில் நின்றன. வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கத்து ஈரக்காற்று வெற்றிடத்தை நிரப்பி, இரவுக் குளிரில் தகரத்தின் உட்புறத்தில் நீர்த்துளியாகப் படிந்து, துருவாக மாறியது. இன்றைக்கு ஃபில்டரை அடைக்கும் தூளில் ஒரு பங்கு அந்த ஆண்டின் மிச்சம் என்றே நான் கருதுகிறேன்.

மூன்றாவது, இரப்பர் குழாய்கள். பம்பிலிருந்து காபரேட்டருக்குப் போகும் குழாயில் வெடிப்பிருந்தால் பெற்றோல் வெளியே கசியும். மணமும் ஈரமும் காட்டிக்கொடுத்துவிடும். தாங்கியிலிருந்து பம்புக்கு வரும் பக்கத்தில் வெடிப்பிருந்தால் ஒரு துளிகூட வெளியே வராது. அங்கே நடப்பது உறிஞ்சுதல் என்பதால் காற்றுதான் உள்ளே போகும். வெடித்த குழலை வைத்துச் செவ்விளநீர் உறிஞ்சிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் வண்டியில் தாங்கிக்கு அருகே, இரும்புக் குழாயோடு இணையும் இடத்தில் இருந்த சிறு இரப்பர் துண்டு, வளைத்துப் பார்த்தபோது பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதை மாற்றியதும் பாதி நோய் தீர்ந்தது. மீதிப் பாதிக்காகத்தான் பம்பைத் தொட வேண்டி வந்தது.

பம்பைச் சோதிக்கும் முறை இது. கொயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட வேண்டும். தீப்பொறி எங்கும் வரக் கூடாது. காபரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதன் நுனியை ஒரு போத்தலுக்குள் விட்டு, உதவிக்கு இருப்பவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்ல வேண்டும். பெற்றோல் துடிப்புத் துடிப்பாகப் பலமாகப் பாய வேண்டும். சொட்டினாலோ குமிழியோடு வந்தாலோ, தாங்கிப் பக்கக் குழாயையும் கழற்றி, எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்த ஒரு கேனிலிருந்து பம்பை உறிஞ்ச விட வேண்டும். இப்போது பலமாகப் பாய்ந்தால் பம்ப் நிரபராதி. குற்றம் பின்னால், குழாயிலோ தாங்கியிலோ இருக்கிறது. கேனிலிருந்தும் சோம்பலாகவே வந்தால் தீர்ப்பு எழுதிவிடலாம். என் பம்ப் கேனிலிருந்தும் சோம்பலாகவே இழுத்தது.

உறுதிப்படுத்த இரண்டு சாட்சிகள் கிடைத்தன. பம்பின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு துளை இருக்கும். சவ்வு கிழிந்தால் பெற்றோல் அதன் வழியே வெளியேறும். அந்தத் துளையைச் சுற்றிக் கழுவிவிட்டதைப் போலச் சுத்தமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் எண்ணெய் அழுக்கு. இரண்டாவது சாட்சி ஒயில் அளவுகோல். சவ்வைத் தாண்டும் பெற்றோல் லீவர் வழியாக எஞ்சின் ஒயிலுக்குள்ளும் இறங்கக்கூடும். அளவுகோலை உருவி முகர்ந்தபோது பெற்றோல் வாடை தெளிவாக அடித்தது. இதை அலட்சியம் செய்யக் கூடாது. நீர்த்துப்போன ஒயில் பெயாரிங்குகளைக் காக்காது. ஒயில் தானாகவே மட்டம் உயர்ந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்துபோவது பெரும் செலவில் முடியும்.

எங்கள் நகரத்துக் கராஜில் ஒரு பாஸ், அதாவது மெக்கானிக், வேறு யோசனை சொன்னார். “சேர், பழைய பம்ப எடுத்துட்டு எலக்ட்ரிக் பம்ப் ஒண்ணு போட்டுட்டா பிறகு கரைச்சலே இல்ல” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மின்பம்பைத் தாங்கிக்கு அருகே பொருத்தினால் அது பெற்றோலை உறிஞ்சாமல் தள்ளும். அழுத்தத்தில் இருக்கும் பெற்றோல் எளிதில் ஆவியாகாது. ஆயினும் நான் இணங்கவில்லை. இந்தக் காபரேட்டரின் ஊசி வால்வு சதுர அங்குலத்துக்கு மூன்று நான்கு இறாத்தல் அழுத்தத்தைத்தான் தாங்கும். ஊசிமூலம் பெற்றோல் செலுத்தும் எஞ்சின்களின் பம்போ நாற்பது இறாத்தல் அளவுக்குத் தரும். அதைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டினால் காபரேட்டர் பொங்கி வழியும். பொருத்தமான குறைந்த அழுத்தப் பம்பே கிடைத்தாலும், விபத்திலோ எஞ்சின் நின்றபோதோ அதைத் தானாக நிறுத்தும் ஒரு சுவிட்ச் தேவை. அந்தச் சுவிட்ச் இல்லாமல் நேரே இக்னிஷனில் இணைத்து அனுப்பும் வழக்கம்தான் எங்கும் இருக்கிறது. எஞ்சின் நின்றால் தானும் நின்றுவிடும் பழைய பம்ப் எனக்குப் போதும்.

புதிய பம்ப் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் கே எஞ்சினுக்கென்று இரண்டு குழாய் உள்ளதும் கிடைக்கும், மிகுதிப் பெற்றோலைத் தாங்கிக்குத் திருப்பும் மூன்றாவது குழாய் உள்ளதும் கிடைக்கும். திருப்பும் குழாய் இருந்த வண்டியில் இரண்டு குழாய்ப் பம்பைப் பூட்டக் கூடாது. பெற்றோல் சுற்றிக்கொண்டே இருப்பதால் பம்ப் குளிர்ச்சியாக இருக்கிறது, மலையில் அந்தக் குளிர்ச்சி வேண்டும். லீவரின் நீளத்தையும் வளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். திருகுகளால் மூடப்பட்ட மிகப் பழைய பம்பாக இருந்தால் சவ்வை மட்டும் மாற்றலாம். விளிம்பை மடித்து நசுக்கிய பிற்காலப் பம்பைத் திறக்க இயலாது.

கழற்றுவதற்கு முன் வண்டியை நிறுத்தும் இடத்தை யோசிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மட்டமான நிலம் என்பது கோயில் முற்றத்திலும் பாடசாலை மைதானத்திலும்தான் இருக்கும். வாசல் சரிவாக இருந்தால் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் கொடுக்க வேண்டும். மூக்குக் கீழே இருந்தால் தாங்கி உயர்ந்துவிடும். குழாயைக் கழற்றியதும் பெற்றோல் தானாக ஓடிவரத் தொடங்கும். பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது என்பதையும் மறக்கக் கூடாது. அது சரிவில் கீழ்நோக்கி வழிந்து போகும். நம் வீடுகள் படிப்படியாகக் கட்டப்பட்டவை, கீழ்ப்படியில் இருப்பவர் வீட்டில் விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கலாம். கீழ்வீட்டாரிடம் சொல்லிவிட்டு, அடுப்பு அணைந்திருக்கும் வேளையில் தொடங்குவதே முறை. பற்றரியின் மறை முனையைக் கழற்றி, ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பெற்றோல் தீயை நீர் பரப்பவே செய்யும்.

கழற்றுவதில் சொல்ல அதிகமில்லை. குழாய்களுக்கு அடையாளம் இட்டு, உருவி, தாங்கிப் பக்கக் குழாயை ஒரு பொல்ட்டால் அடைத்து, இரண்டு பொல்ட்டுகளையும் மாறி மாறித் தளர்த்தினால் பம்ப் கையோடு வந்துவிடும். அதனோடு தடித்த, கரிய நிறத் துண்டு ஒன்றும் வரும். பிளொக்கின் வெப்பம் பம்புக்குத் தாவாமல் தடுப்பது அதன் ஒரு வேலை. லீவர் எவ்வளவு தூரம் உள்ளே நீள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இன்னொன்று. அதை வீசிவிட்டு, கசிவைத் தடுக்கும் தாளான கேஸ்கட்டோடு மட்டும் பூட்டினால் லீவர் அளவுக்கு மீறி அழுந்தி உடையும். இரண்டு துண்டாக வைத்தால் லீவர் போதுமான அளவு அசையாது, பம்ப் புதிதாக இருந்தும் பெற்றோல் போதாது. அதே தடிப்பில், இருபுறமும் புதிய கேஸ்கட்டோடு அது திரும்பிப் போக வேண்டும். கேஸ்கட் கிடைக்காவிட்டால் கேஸ்கட் தாளைப் பம்பின் முகத்தில் வைத்து, விளிம்புகளைச் சுத்தியலின் உருண்டைத் தலையால் மெல்லத் தட்டி வெட்டிக்கொள்ளலாம். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது துளைக்குள் ஒரு துணியைத் திணித்து வைத்தால் துகள்கள் ஒயிலுக்குள் விழாது.

பூட்டும்போது கேம் ஷாஃப்டின் அந்த வட்டம் லீவரைத் தள்ளாத நிலையில் இருக்க வேண்டும். பெரிய ஸ்பேனரால் எஞ்சினின் முன்பக்கப் புல்லியின் நட்டைப் பிடித்து எஞ்சினை மெதுவாகச் சுழற்றி, பம்பைக் கையால் பொருத்திப் பார்த்தால், ஸ்பிரிங்கின் எதிர்ப்பு மிகக் குறைவாக இருக்கும் நிலை விரலுக்கே தெரியும். அந்த நிலையில் பம்பின் முகம் பிளொக்கோடு ஏறத்தாழப் படிந்துவிடும். எதிர்ப்பு அதிகமாக இருக்கும்போது பொல்ட்டின் பலத்தால் இழுத்துப் பூட்ட முயன்றால் அலுமினிய விளிம்பு வளையும், இல்லையேல் பிளொக்கின் புரி போகும். லீவர் வட்டத்தின் மேல் சரியான பக்கத்தில் அமர்ந்திருக்கிறதா என்பதையும் விரலால் ஆட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டே இரண்டு பொல்ட்டுகளையும் சிறிது சிறிதாக, மாறி மாறி இறுக்கினேன். சிலிக்கோன் பசை எங்கும் பூசவில்லை. அது பெற்றோலில் ஊறிப் பிரிந்து உள்ளே போகும்.

குழாய்களைப் பழையதாக விட்டு வைப்பதில் அர்த்தமில்லை. பெற்றோலுக்கென்று விற்கப்படும் குழாயையே வாங்க வேண்டும். தண்ணீருக்கான ஒளிபுகும் குழாய் அழகாகத் தெரியும், சில மாதங்களில் கல்லாக இறுகிவிடும். பற்றரியை இணைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது, காய்ந்த பம்ப் தாங்கியிலிருந்து பெற்றோலை இழுத்துவர நேரம் எடுக்கும். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றாமல், இடையிடையே ஸ்டார்ட்டரை ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுக் காபரேட்டரின் வாய்க்குள் பெற்றோலை ஊற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. எஞ்சின் திருப்பி வெடித்தால் முகம் கருகும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வோர் இணைப்பையும் காய்ந்த தாளால் ஒற்றிப் பார்த்தேன். பிறகு எஞ்சினை நிறுத்தி, பெற்றோல் கலந்த பழைய ஒயிலையும் ஒயில் ஃபில்டரையும் அன்றே மாற்றினேன். மறுநாள் நானுஓயா ஏற்றத்தில் இரண்டாம் கியரில் நன்றாக அழுத்திக்கொண்டு ஏறி, வளைவுக்கு மேல் நிறுத்திப் பொனட்டைத் திறந்தபோது, கண்ணாடியில் பெற்றோல் நடுவில் நின்றது. கேஸ்கட் வெப்பத்தில் சற்று அமுங்கும் என்பதால், சில நாட்கள் ஓடிய பிறகு அந்த இரண்டு பொல்ட்டுகளையும் குளிர்ந்த எஞ்சினில் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். என் வண்டியில் ஒரு பொல்ட் கால் சுற்று ஏற்றது. அடுத்ததாகத் தாங்கியை இறக்கித் துருவைக் கழுவும் வேலை இருக்கிறது. மழை ஓயும் ஜனவரிக்குப் பிறகுதான் அதைத் தொடலாம். அதுவரை ஃபில்டர் ஒன்றை வண்டியிலேயே மேலதிகமாக வைத்திருக்கிறேன்.